கூரையைத் தொடுவதற்கு முன்: ஊத்தங்கரை வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் இளையோர் குழுவோடு போன அனுபவம்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கோயில் பங்கில் இளையோர் குழுவுக்கு நான்கு வருடமாகப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கட்டட வேலைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு, 2024 டிசம்பரில், எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை ஊத்தங்கரைப் பக்கம் வீடு சரிசெய்யப் போனேன். அதில் ஒரு பையனுக்குக் கை முறிந்தது. ஒரு வயதான அம்மாவுக்கு வரவேண்டிய அரசாங்கப் பணம் எங்கள் அவசரத்தால் நின்றுபோனது. என் கையை விட்டு 47,000 ரூபாயும் பதினொரு நாள் லீவும் போயின. போகும் முன் அரை மணி நேரம் யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அடுத்த மழைக்கும் எங்கேயாவது ஒரு குழு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பத்தான் போகிறது. அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புயல் கரையைக் கடந்தது நவம்பர் 30 ராத்திரி, புதுச்சேரிப் பக்கம். கடலோரத்துக்காரர்கள் பாடு என்று நினைத்துத்தான் நாங்கள் படுத்தோம். மறுநாள் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் முதல் வாரம். பூசைக்குப் போகும்போதே மழை பிடித்துவிட்டது, விடவே இல்லை. திங்கட்கிழமை காலை போனைத் திறந்தால் ஊத்தங்கரையில் ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்து, ஓரமாக நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போகிற வீடியோ. ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர் மழை. காற்றில் பறந்த கூரை எங்கள் பக்கம் குறைவு. அடியில் தண்ணீர் ஏறி ஊறிப்போன மண்சுவர்தான் அதிகம். சுவர் சாய்ந்தால் மேலே இருக்கிற கூரையும் கூடவே உட்காரும். இந்த வித்தியாசம் புரியாமல் நாங்கள் ‘கூரை போடணும்’ என்ற ஒரே நினைப்போடு கிளம்பினோம். முதல் தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

டிசம்பர் 7, சனிக்கிழமை. பத்தொன்பது பேர், ஒரு வேன். இளையோர் சேமிப்பும் அன்பியங்களில், அதாவது பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்களில், திரட்டியதுமாக 31,500 ரூபாய். தார்ப்பாய், மூங்கில், தென்னங்கீற்று, அரிசி, பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு மத்தூர் வழியாகப் போனோம். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அங்கே இருக்கிறவர்கள் எங்களை நல்லபடியாகத்தான் நடத்தினார்கள். வேனிலிருந்து இறங்கியதும் பிள்ளைகள் முதல் வேலையாகப் பேனரை விரித்தார்கள். மாதா படமும் பங்கின் பெயரும் போட்ட எட்டடி பேனர். நாலு வீட்டு முன்னால் நின்று போட்டோ எடுத்தாயிற்று. அப்போது மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, “ஏம்ப்பா, வூடு கட்ட வந்தீங்களா, மதம் மாத்த வந்தீங்களா?” என்று நேராகவே கேட்டார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் கேட்டது நியாயம். சேறு மிதித்து நிற்கிற மனுஷனுக்கு முன்னால் நாங்கள் பேனரைத்தான் நீட்டினோம். “இல்லைங்க ஐயா, வேலை செய்யத்தான் வந்தோம். எங்கே ஆரம்பிக்கணும்னு நீங்களே சொல்லுங்க” என்றேன். அவர் கோயில் முன்னால் முழங்கால் உயரம் தேங்கியிருந்த சேற்றைக் காட்டினார். இரண்டு மணி நேரம் அதைத்தான் வாரினோம். அதற்குப் பிறகு ஊரில் எங்களை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேனரைச் சுருட்டி வேன் சீட்டுக்கு அடியில் போட்டோம், இரண்டாவது தடவை அதை எடுத்துப் போகவே இல்லை. நீங்களும் ஊருக்குள் நுழைந்ததும் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு, அவர்கள் காட்டுகிற பொது வேலை ஒன்றை முதலில் முடித்துக் கொடுங்கள்.

ஆனால் யார் வீட்டுக்கு உதவி என்பதை ஒருத்தர் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தப் பெரியவர் பன்னிரண்டு வீடு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் வரை அந்தப் பட்டியல்படியே தார்ப்பாய் கட்டினோம். எங்களோடு ஆறு பெண் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கழிப்பறை எங்கே என்று நான் முன்கூட்டி விசாரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் இடுப்பளவுக்குச் சேறு. காலையிலிருந்து அந்தப் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. நாலு மணிக்கு ஒரு பெண் தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான் இன்னொருத்தி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். இந்த வேலைக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வதற்கு முன்னால் இதற்கு ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த தடவை நான் பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவர் வீட்டில் பேசி, அந்த வீட்டுக் கழிப்பறையை நாலு நாளும் கேட்டு வாங்கினேன். ஒரு போன் பேச்சில் முடிந்த காரியம்.

அன்றைக்கு அந்தப் பெண்கள் ஒதுக்குப்புறம் தேடி ஓடையைத் தாண்டிப் போனபோதுதான் காலனியைப் பார்த்திருக்கிறார்கள். ஓடி வந்து, “அண்ணா, அந்தப் பக்கம் வூடே இல்ல, கூரை தரையில கிடக்குது” என்றாள் ஒருத்தி. போய்ப் பார்த்தேன். ஊரைவிடத் தாழ்வான இடம், ஓடைக்கு ஓரம். பதினாலு வீட்டில் ஒன்பது வீடு உட்கார்ந்திருந்தது. எங்கள் கையில் இருந்த பட்டியலில் காலனி வீடு ஒன்றுகூட இல்லை. தார்ப்பாயில் மீதி இருந்தது மூன்றே மூன்று. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போன உடனே ஊரைச் சுற்றி ஒரு நடை நடந்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். தாழ்வான இடம், ஓடைக்கரை, ஏரிக்கு அடிப்பக்கம், இந்த மூன்றையும் உங்கள் கண்ணால் பார்க்காமல் ஒரு பொருளையும் இறக்காதீர்கள்.

ஞாயிறு காலை, தனியாக இருக்கிற ஒரு ஆயா வீட்டை எடுத்துக்கொண்டோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு ஆட்டையும் ஒரு சில்வர் குடத்தையும் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கூரை நடுவில் முறிந்து உள்ளே இறங்கியிருந்தது. நல்லவேளை, அந்த வீட்டுச் சுவர் நின்றிருந்தது. பையன்கள் பழைய கூரையை முழுக்கப் பிரித்தார்கள். புது மூங்கில் கட்டி, கீற்று வேய்ந்து, மூன்று மணிக்குள் முடித்துவிட்டோம். அழுகிய கீற்றையெல்லாம் குவித்துக் கொளுத்தினோம், பூச்சி பொட்டு அண்டக்கூடாது என்று. ஆயா உள்ளே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, “வானம் தெரியல சாமி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வேனில் திரும்பும்போது நாங்கள் எல்லோரும் பாடிக்கொண்டே வந்தோம்.

ஐந்து நாள் கழித்து ஆயாவின் பேத்தி போன் பண்ணினாள். சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது இல்லையா, அதற்குக் கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள். இடது பக்கத்து வீட்டை எழுதிக்கொண்டார்கள், வலது பக்கத்து வீட்டையும் எழுதிக்கொண்டார்கள். ஆயா வீட்டு முன்னால் நின்று, “இது புதுக் கூரையா இருக்குதே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. நாங்கள் போட்ட கூரைக்குச் சரக்குச் செலவு நாலாயிரத்துச் சொச்சம். அதைப் போட்டுக் கொடுத்து அந்த அம்மாவின் பத்தாயிரத்தை நிறுத்திவிட்டோம்.

கூரை விழுந்து கிடந்ததற்குப் போட்டோ இருக்குமே என்று எல்லாப் பிள்ளைகளின் போனிலும் இருந்ததை வாங்கிப் பார்த்தேன். மொத்தம் 212 படம். எங்கள் முகம் இருந்தது, பேனர் இருந்தது, சாப்பிடுவது, வேனில் ஏறுவது, வேலை முடிந்த புதுக் கூரை எல்லாம் இருந்தது. முறிந்த கூரை தெளிவாகத் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு பெண் எடுத்த வீடியோவில் ஏழு விநாடி, ஆட்டுக்குட்டியைக் காட்டப் போனபோது பின்னால் அந்தக் கூரை வருகிறது. அந்த ஏழு விநாடியை வைத்துத்தான் மனு எழுதினேன்.

அதனால் சொல்கிறேன். எந்த வீட்டிலும் கை வைக்கும் முன், வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். தேதியும் இடமும் படத்திலேயே பதிகிற ஜிபிஎஸ் மேப் கேமரா போன்ற ஆப் ஒன்றை எல்லோர் போனிலும் ஏற்றிக்கொண்டு போங்கள். கதவு எண்ணோ மீட்டர் பெட்டியோ இருந்தால் அதுவும் படத்தில் வரட்டும். பிறகு கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் போட்டு, இந்த வீட்டைக் கணக்கெடுத்தாயிற்றா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் தார்ப்பாயை மட்டும் கட்டுங்கள், கூரையைப் பிரிக்காதீர்கள். தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினால் சேதம் தெரியும். பிரித்துக் கொளுத்திவிட்டால் காட்ட எதுவும் இருக்காது. இதை அந்த வீட்டுக்காரருக்கும் புரிய வையுங்கள். எங்கள் ஆயாவுக்கு இப்படி ஒரு கணக்கெடுப்பு வரும் என்பதே தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் பேப்பர் படிக்கிறவன். முழுசாக இடிந்த வீடுகளுக்கு, ரேஷன் கார்டு, ஆதார், பட்டா எல்லாம் நனைந்து போயிருக்கிறதா என்று கேட்டு, நகல் வாங்குவதற்குப் பிள்ளைகளில் ஒருவரைக் கூட அனுப்பினால் அது கூரை போடுவதற்குச் சமமான உதவி.

இரண்டாவது தடவை டிசம்பர் 26 முதல் 29 வரை என்று வைத்தோம். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிச் சேர்க்கிற கேரல் காணிக்கையை, அந்த வருடம் முழுக்க இதற்கே கொடுத்துவிடலாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். 94,000 ரூபாய் சேர்ந்தது. காலனியில் கணக்கெடுப்பு முடிந்த ஏழு வீட்டுக்குச் சிமெண்ட் ஷீட் போடுவது என்று திட்டம். ஃபாதர், “ஏழு வேண்டாம், மூணு எடுங்க” என்றார். நான் கேட்கவில்லை. ஷீட்டுக்கு முதலில் விலை விசாரித்தபோது பத்தடி ஷீட் ஒன்று 880 ரூபாய் என்றார்கள். எழுதி வாங்கவில்லை. பத்து நாள் கழித்துப் போனபோது 1,050. மழைக்குப் பிறகு எல்லோரும் ஷீட் தேடுகிற நேரம், வேறு கடையில் சரக்கும் இல்லை. 54 ஷீட், 56,700 ரூபாய். ஏற்று இறக்குக் கூலியோடு வண்டிக்கு 6,500. ஓடை தாண்ட லாரி போகாது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஒரு ஷீட் நாற்பது கிலோவுக்கு மேல், நாலு பேர் தூக்கிக்கொண்டு வழுக்குகிற வரப்பில் முந்நூறு அடி நடக்க வேண்டும். அதில் எட்டு ஷீட் விரிசல் விட்டுவிட்டது. அதோடு, பழைய மரச் சட்டம் எல்லாம் ஊறி உளுத்திருந்தது. அதன்மேல் இவ்வளவு பாரம் ஏற்ற முடியாது என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார். இரும்பு ட்யூப்புக்கு 18,600 ரூபாய் புதுச் செலவு. ஹூக், வாஷர், ரிட்ஜ் வகையில் 7,200. சாப்பாடு 14,000, மேஸ்திரிக்கு 5,000. கூட்டிப் பாருங்கள், 1,08,000. கையில் இருந்ததைவிட 14,000 அதிகம். அது என் பாக்கெட்டிலிருந்து போனது. ஷீட்டுக்கு என்று பணம் திரட்டும்போது, அதைத் தாங்குகிற சட்டத்துக்கும் தூக்குகிற வழிக்கும் உடைசலுக்கும் சேர்த்துத் திரட்டுங்கள். விலையைக் கடைக்காரரிடம் தேதி போட்டுத் துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள்.

மேஸ்திரி அந்த ஊர்க்காரர்தான், அறுபது வயது இருக்கும். அவரை நாங்கள் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நான் கொண்டுபோன சிமெண்டைப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு தம்பி?” என்றார். சுவரில் விரிசல் இருக்கிற இடத்தில் பூசத்தான் என்றேன். ஒரு வீட்டுக்குள் கூட்டிப் போய், சுவரின் அடிப்பக்கத்தில் கடப்பாரை முனையால் ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்து என் கையில் வைத்தார். “பிசைஞ்சு பாரு” என்றார். வெளியே வெயில் பட்டுச் சுவர் வெள்ளையாகக் காய்ந்து நிற்கிறது, உள்ளே எடுத்த மண் கொழுக்கட்டை மாவு மாதிரி கையில் உருண்டது. “இது மேல சிமெண்ட் பூசினா தண்ணி உள்ளயே மாட்டிக்கும். அடி நெகிழ்ந்து ஒரு நாளைக்கு மொத்தமா உக்காந்துக்கும். தை வெயில் பூரா படட்டும். காஞ்ச பிறகு மண்ணுலயே மெழுகு” என்றார். அடிப்பக்கம் வயிறு தள்ளிய மாதிரி பிதுங்கியிருக்கிற சுவர், படுக்கைவாட்டில் விரிசல் ஓடுகிற சுவர், இந்த இரண்டுக்கும் பக்கத்தில் பிள்ளைகளை நிற்கவே விடக்கூடாது என்றும் சொன்னார். அன்று சாயங்காலமே அப்படி ஒரு சுவர், யாரும் தொடாமலே, ‘தொப்’ என்று ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. அதன் நிழலில்தான் மதியம் எங்கள் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

28-ஆம் தேதி சனிக்கிழமை, மூன்றாவது வீட்டில் பாதிக்கு மேல் ஷீட் ஏறியிருந்தது. மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். மேலே இருந்த ஹூக் ஒன்றுக்கு வாஷர் போடவில்லை என்று ஒரு பையன், பாலிடெக்னிக் கடைசி வருடம், பத்தொன்பது வயது, “நான் போட்டுட்டு வந்துடறேண்ணா” என்று ஏறினான். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போகாதே என்று சொல்லவில்லை. இரண்டு அடி எடுத்து வைத்தான். தேங்காய் ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம். ஷீட்டோடு உள்ளே போய்விட்டான். பத்தடி உயரம். வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறான். நான் உள்ளே ஓடியபோது எழுந்து உட்கார்ந்து, “ஒண்ணுமில்லண்ணா, ஒண்ணுமில்லண்ணா” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். மணிக்கட்டு முள்கரண்டி மாதிரி வளைந்திருந்தது.

சிமெண்ட் ஷீட் என்பது மிதிக்கிற பொருள் இல்லை. புது ஷீட்டும் உடையும், நனைந்த பழசு இன்னும் சீக்கிரம் உடையும். மேலே போக வேண்டிய கட்டாயம் வந்தால், ஹூக் வரிசை தெரிகிறதே, அதற்கு நேர் கீழேதான் சட்டம் ஓடுகிறது. அந்த வரிசையின் மேல், இரண்டு சட்டத்துக்கும் பாரம் போகிற மாதிரி நீளப் பலகையைப் போட்டு, பலகையின் மேல்தான் கால் வைக்க வேண்டும். ஹூக்குக்கு ஓட்டை போடுவது ஷீட்டின் மேட்டில், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் இறங்கும். ஷீட்டை அறுக்க வேண்டியிருந்தால் தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு அறுங்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசி நெஞ்சுக்கு ஆகாது. இதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியும், எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனால் இதைவிட முக்கியம், கூலிக்குக் கூரை வேலை செய்து பழகியவரைத் தவிர எங்கள் பிள்ளைகள் யாரும் மேலே ஏறக்கூடாது என்று முதல் நாளே சட்டம் போட்டிருக்க வேண்டும். தூக்கிக் கொடுக்க, சேறு வார, சாமான் கழுவ, கிணற்றடியைச் சுத்தம் செய்ய என்று கீழே ஆயிரம் வேலை கிடந்தது.

108 இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிட்டது. அவனோடு நான் மட்டும் ஏறினேன். மற்றவர்களை வேனில் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது என்று கட்டுப் போட்டார்கள். அவனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ரத்தம் என்ன வகை, கடைசியாக டிடி என்கிற டெட்டனஸ் தடுப்பு ஊசி எப்போது போட்டான், நர்ஸ் கேட்ட எதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவன் அப்பா நம்பரும் என்னிடம் இல்லை. பையன் போனில் சார்ஜ் இல்லை. நாலு பேரைப் பிடித்து நம்பர் வாங்க ராத்திரி ஒன்பது மணி ஆயிற்று. வார்டுக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரியை எப்படிச் சொல்வது? ஜெபமாலை பையில் இருந்தது, எடுத்தேன், ஒரு அருள்நிறை மந்திரம்கூட முழுசாக வாயில் வரவில்லை.

விடிகாலை நாலு மணிக்கு அவன் அப்பா வந்தார். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “உன்னை நம்பித்தானே அனுப்பினேன் தம்பி” என்று மட்டும் சொன்னார். புத்தூர் கட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார் அவர், வேண்டாம் என்றேன் நான். அவருடைய பிள்ளை, சொல்ல எனக்கு என்ன உரிமை? கடைசியில் டாக்டர் வந்து, எலும்பு விலகியிருக்கிறது, சரியாகச் சேராவிட்டால் எழுத முடியாமல் போகும் என்று எடுத்துச் சொன்ன பிறகு, அவரே ஒரு தனியார் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். 23,000 ரூபாய். அதை நான் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். பங்குப் பேரவையில் கேட்டபோது, இந்தப் பயணத்துக்குத் தீர்மானமே போடவில்லையே, எந்தக் கணக்கில் எழுதுவது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. நான் ஃபாதரிடம் வாய்மொழியாகக் கேட்டதோடு கிளம்பிவிட்டேன். போகும் முன் பேரவையில் தீர்மானம் எழுதி, ஆபத்து வந்தால் செலவு யாருடையது என்பதையும் அதில் சேருங்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் பெற்றோர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள், அதில் இரண்டு போன் நம்பர், ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து. வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமரின் விபத்துக் காப்பீடு பலருக்கு இருக்கிறது, அதை நம்பிப் போகாதீர்கள். அது உயிர் போனாலும் நிரந்தர ஊனம் ஆனாலும்தான் கிடைக்கும், எலும்பு முறிவுச் சிகிச்சைக்குக் கிடைக்காது. குழு முழுவதற்கும் மருத்துவச் செலவோடு சேர்ந்த விபத்துக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். வெள்ளச் சேற்றில் இறங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிடி ஊசிக்கும் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரைக்கும் கேட்டுவிட்டுப் போங்கள். செருப்போடு இறங்காதீர்கள், கம்பூட்ஸ் வேண்டும். இடிந்த மண்ணைக் கையால் அள்ளாதீர்கள், நாங்கள் மண்வெட்டியால் புரட்டியபோதே மூன்று தேள்.

ஏழு வீட்டில் மூன்றுதான் முடிந்தது. நாலாவதில் சட்டம் மட்டும் நின்றது. மற்ற மூன்று வீட்டுக்காரர்களிடம் போட்டுத் தருகிறோம் என்று நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அதுதான் எனக்குப் பெரிய வேதனை. ஒரு வீட்டில் எங்களை நம்பி, இருந்த ஓட்டைத் தார்ப்பாயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். முடிக்க முடிகிற எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். மிச்சம் நேரம் இருந்தால் அப்போது அடுத்த வீட்டைக் கேட்டுக்கொள்ளலாம்.

பொங்கல் முடிந்து, ஐந்து பேர் மட்டும், மேஸ்திரியை முன்னால் வைத்துக்கொண்டு போய், நாலாவது வீட்டை இரண்டு நாளில் முடித்தோம். கை முறிந்த பையனும் வருவேன் என்று நின்றான். அவன் அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, “கீழயே நிக்கணும்” என்று சொல்லி அனுப்பினார். கட்டுப் போட்ட கையோடு நாள் முழுக்க மேஸ்திரிக்கு நூல் பிடித்துக் கொடுத்தான்.

ஆயாவின் மனுவுக்காக மூன்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனேன். இதற்கிடையில் பத்தாயிரத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் தடவை வாங்க மாட்டேன் என்றார், பேத்தி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். பிப்ரவரி முதல் வாரம் மறு விசாரணைக்கு ஒரு அலுவலர் வருகிறார் என்று போன் வந்தது, நானும் போனேன். அவரிடம் அந்த ஏழு விநாடி வீடியோவைக் காட்டினேன். பார்த்தார், “இது எந்த வூடுன்னு எப்படித் தெரியும்?” என்றார். அப்போது ஆயா ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் பின்னால் போனார். இரண்டாக முறிந்த பழைய முகட்டு மூங்கிலை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே வந்தார். அதன் நடுவில் ஒரு சிவப்புப் புடவைத் துணி கட்டியிருந்தது, வீடியோவிலும் அந்தத் துணி தெரிகிறது. டிசம்பரில் பேத்தி போன் பண்ணிய அன்று, “மிச்சம் என்ன இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க ஆயா, காட்டணும்” என்று நான் சொல்லியிருந்தேன். எனக்கே மறந்துபோய்விட்டது. மார்கழிக் குளிரில் அடுப்பெரிக்கக் காய்ந்த விறகு ஒன்றுகூட இல்லாத வீட்டில், அந்த மூங்கிலை அவர் வைத்திருந்திருக்கிறார்.

அலுவலர் அதையும் வீட்டையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு, ஆயாவிடம் கைரேகை வாங்கிக்கொண்டு போனார். “இப்ப எரிச்சுக்கலாமா சாமி?” என்று ஆயா என்னைக் கேட்டார். பணம் வருகிறவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே போச்சம்பள்ளி ரோட்டில் ஒரு கட்டு விறகு வாங்கி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.